முதுகைக் காட்டி நிற்பது எப்படி?

நெய்வேலியில் இருந்துகொண்டே 19-ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய இயற்கைக்காட்சி ஓவியம் ஒன்றை முறைப்படி ரசிக்கத் தேவையானவை: ஒரு படம், ஒரு நாற்காலி, ஒரு விடுமுறை நாள். படம் அசலாக இருக்க வேண்டியதில்லை. அசல்கள் ஹாம்பர்க்கிலும் லண்டனிலும் இருக்கின்றன; அங்கே போய்வர லீவு சாங்ஷன் ஆவதற்குள் ஆசை ஆறிவிடும். நாற்காலி எதற்கு என்றால், நின்று பார்க்கும் வேலையைப் படத்தில் இருப்பவரே செய்துவிடுவார். விடுமுறை நாள்தான் சிக்கல். ஷிப்ட்டில் இருப்பவர்களுக்கு வார ஓய்வு எந்தக் கிழமையில் விழுகிறதோ அதுவே ஞாயிறு என்று இந்தக் கையேடு வைத்துக்கொள்கிறது. நைட் ஷிப்ட் முடித்த காலையில் மட்டும் முயற்சி செய்ய வேண்டாம். அந்த நேரத்தில் எந்தப் படமும் மங்கலாகத்தான் தெரியும்; அதை ஓவியரின் திறமை என்று நினைத்துவிடுவீர்கள்.

இன்னொரு முன்னெச்சரிக்கை. இந்த வகை ஓவியத்தை ரசிப்பவருக்கு, நிலம் எப்படி உண்டாகிறது என்பது தெரிந்திருக்கக் கூடாது. மலை தானாக எழுந்தது, ஏரி தானாக நிறைந்தது, மேகம் தானாக வந்தது என்று நம்புகிறவரை மனத்தில் வைத்து வரைந்தவை இவை. சென்னையிலோ கோவையிலோ இருப்பவருக்கு இது சுலபம். நிலக்கரிச் சுரங்கத்தின் ஓரத்தில் வாழும் நெய்வேலிக்காரருக்கு மறதிப் பயிற்சி தேவைப்படும். கீழே வருவதில் பெரும்பகுதி அந்தப் பயிற்சிதான்.

படத்தைத் தேர்ந்தெடுத்தல்

உங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒன்று இருக்கலாம். எண்பதுகளில் ஹால் சுவர் முழுக்க ஒட்டிய சுவிட்சர்லாந்து, சலூன் கண்ணாடிக்கு எதிரே தொங்கும் இலையுதிர்காலக் காடு, போட்டோ ஸ்டுடியோவில் கல்யாணப் பெண்ணுக்குப் பின்னால் அன்னம் நீந்தும் ஏரித் திரை. இவற்றை மட்டமாக நினைக்க வேண்டாம். எல்லாம் 1800-களின் ஐரோப்பிய ஓவியர்களுக்குப் பேரப்பிள்ளைகள்தான். டிராயிங் நோட்டைத் திறந்ததும் நம் பிள்ளைகள் போடும் 'சீனரி'யும் அதே வம்சம்: இரண்டு மலை, நடுவில் பாதிச் சூரியன், அங்கிருந்து இறங்கும் ஓர் ஆறு, கரையில் ஒரு குடிசை, ஒரு தென்னை. கடலூர் மாவட்டத்தின் சமதரையில் மலையைக் கண்ணால் காணாத பிள்ளையும் இதைத்தான் போடும். நெய்வேலிப் பிள்ளை கொஞ்சம் கொடுத்துவைத்தது. அது தினமும் ஒரு மேட்டைப் பார்க்கிறது. அந்த மேட்டை எந்த மெஷின் கொட்டியது என்பதும் அதற்குத் தெரியும். அங்கேதான் ரசனை கெடுகிறது.

பயிற்சிக்கு நாம் எடுத்துக்கொள்வது, ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1818 வாக்கில் வரைந்த 'பனிக்கடலுக்கு மேலே பயணி'. ஹாம்பர்க் கலைக்கூடத்தில் இருக்கிறது. உயரம் ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவு, அகலம் முக்கால் மீட்டர். கரும்பச்சைக் கோட்டுப் போட்ட ஒருவர் பாறை உச்சியில் நிற்கிறார். கையில் தடி. தலைமுடி காற்றில் கலைந்திருக்கிறது. எதிரே பள்ளம் முழுக்கப் பனி; பனியைத் துளைத்துக்கொண்டு பாறை முனைகள்; தூரத்தில் மலைகள். அவ்வளவுதான். 1840-ல் ஃபிரீட்ரிக் இறந்தபோது அவரை ஏறக்குறைய மறந்தே விட்டிருந்தார்கள். 1906-ல் பெர்லினில் நடந்த பெரிய கண்காட்சி ஒன்றுதான் அவரைத் தூசி தட்டி வெளியே கொண்டுவந்தது. இன்று இந்தப் பயணி தத்துவப் புத்தகங்களின் மேலட்டையிலும் தன்னம்பிக்கை வாசகப் போஸ்டர்களிலும் ஓயாமல் நின்றுகொண்டிருக்கிறார்.

வெள்ளைக்காரன் படம் எதற்கு, நம் ஊரை யாரும் வரையவில்லையா என்று கேட்பீர்கள். வரைந்தார்கள். தாமஸ் டேனியலும் அவருடைய உடன்பிறந்தாரின் மகன் வில்லியமும் 1792-ல் தமிழ்நாட்டின் குறுக்கே தெற்கு வரைக்கும் போனார்கள். திருநெல்வேலிச் சீமையின் பாபநாசம் அருவி அவர்கள் வரைந்து பேர்வாங்கிய காட்சிகளில் ஒன்று. இந்தியாவெங்கும் சுற்றி வரைந்ததில் 144 காட்சிகளை 1795 முதல் 1808 வரை லண்டனில் அச்சுப் படங்களாக வெளியிட்டார்கள். மலைக்கோட்டை, அருவி, கோபுரம் என்று தேடிப் போனவர்கள் அவர்கள். செம்மண்ணும் முட்புதரும் கிடந்த நம் பக்கத்துச் சமவெளி அவர்கள் கண்ணுக்குப் படமாகத் தெரிந்திருக்காது. அந்தப் படங்களில் நம் ஆட்கள் பெரும்பாலும் அளவு காட்டுவதற்காக நிற்கிறார்கள்: அருவி எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டுமே, அதற்கு. ஃபிரீட்ரிக்காவது தன் ஆளை நட்டநடுவில் நிறுத்தினார்.

நிற்கும் முறை

பயணி நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். நம் மரபில் முதுகு காட்டுவது களத்தைவிட்டு ஓடுகிறவன் வேலை. ஆகவே முதல் பார்வையில் கொஞ்சம் கூச்சம் வரலாம். தமிழ் சினிமாவை நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும். அங்கே கதாநாயகன் அறிமுகமே முதுகிலிருந்துதான். கேமரா மெல்லச் சுற்றி முகத்துக்கு வரும்போது தியேட்டரில் விசில் பறக்கும். ஃபிரீட்ரிக் கடைசிவரை கேமராவைச் சுற்றவில்லை. இருநூறு வருடமாக விசில் தொண்டையிலேயே நிற்கிறது. அந்த இடத்தில் அவரவர் தன் முகத்தைப் பொருத்திக்கொள்ளலாம் என்பதுதான் ஓவியரின் ஏற்பாடு.

பயிற்சிக்குச் சுரங்கத்தின் விளிம்பு மிகவும் ஏற்றது. உள்ளே போக அனுமதி வேண்டும். வேலை பார்க்கும் மாமாவோ சித்தப்பாவோ இருந்தால் பேசிப் பார்க்கவும். பார்வை மேடையில் நின்றால் எதிரே பூமி படிபடியாக இறங்கும். மேல் பெஞ்சில் செம்மண், அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணலும் களிமண்ணும், எல்லாவற்றுக்கும் அடியில் கருப்பும் பழுப்புமாக ஒரு பட்டை. சில இடங்களில் அந்தப் பட்டையைத் தொட 100 மீட்டர் வரை இறங்க வேண்டும். மண்ணை வெட்டும் பக்கெட் வீல் சுற்றிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கும் ஆள் புள்ளியாகத் தெரிவார். அங்கே நின்ற ஐந்தாவது நிமிடம் ஒரு கால் தானாக முன்னால் போகும், கை ஒரு தடியைத் தேடும். தடி இல்லாவிட்டால் குடை போதும். செல்ஃபி மட்டும் கூடாது. செல்ஃபி எடுப்பவர் காட்சிக்கு முதுகையும் நமக்கு முகத்தையும் காட்டுகிறார். ஃபிரீட்ரிக் பட்ட பாடு அத்தனையும் வீண்.

அனுமதி கிடைக்காதவர்கள் மார்கழிக் காலையில் டவுன்ஷிப்பின் அகலமான சாலை ஒன்றின் நடுவில் நிற்கலாம். பால்காரர் சைக்கிளுக்கு வழிவிடவும். எதிரே தெரியும் வெண்மையில் எது பனி, எது கூலிங் டவரிலிருந்து எழுந்த நீராவி என்று பிரித்துப் பார்க்கக் கூடாது. பிரித்துப் பார்த்தால் நீங்கள் ரசிகர் பட்டியலிலிருந்து ஆபரேஷன்ஸ் பிரிவுக்கு மாற்றப்படுவீர்கள்.

கேட்கக் கூடாத கேள்விகள்

படத்தின் முன் அமர்ந்ததும் சில கேள்விகள் எழும். வேறு ஊர்க்காரர்களுக்கு அவை எழுவதில்லை. எழுந்தால் அடக்கிக்கொள்ள வேண்டும்.

முதலாவது: "இந்தப் பாறையை இங்கே யார் கொண்டுவந்து போட்டது?"

கேட்கவே கூடாது. ஏனென்றால் பதில் இருக்கிறது. டிரெஸ்டனுக்குத் தென்கிழக்கே எல்பே ஆற்றங்கரை மணற்பாறை மலைகளில் ஃபிரீட்ரிக் அலைந்து, பாறைகளைத் தனித்தனியாகப் பென்சிலில் வரைந்து எடுத்துவந்தார். பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, அங்கிருந்து ஒரு முனை, இங்கிருந்து ஓர் உச்சி என்று ஒன்றாகச் சேர்த்தார். படத்தில் இருப்பதுபோல ஓர் இடம் பூமியில் இல்லை. ஒரு பக்கம் அள்ளி இன்னொரு பக்கம் கொட்டிய மலை அது. இதைச் சொன்னால் கலை விமர்சகர்கள் 'கற்பனையின் தொகுப்பு' என்பார்கள். சுரங்கத்தில் இருந்தவர் "ஓ, ஸ்ப்ரெடர் வேலை" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்.

நம் மேடுகள் உருவான விதம் அதுதானே? ஒரு டன் பழுப்பு நிலக்கரி எடுக்க ஏறக்குறைய ஐந்தரை கன மீட்டர் மண்ணை நகர்த்த வேண்டும். வீல் வெட்டும், கன்வேயர் கொண்டுபோகும், ஸ்ப்ரெடர் கொட்டும். 1957 மே மாதம் நேரு வந்து சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்ததிலிருந்து இந்தக் கொட்டல் நிற்கவில்லை. விளைவு, மலையே இல்லாத சீமையில் மலைகள். பழைய மேடுகளில் மரம் நட்டு வளர்த்திருக்கிறார்கள். மழைக்குப் பிறகு பார்த்தால் தூரத்து மலைத்தொடர் என்று சத்தியம் செய்யலாம். நிலத்தை ஐந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் உணர்வைக் கொடுத்தவர்கள் நாம். முல்லையும் குறிஞ்சியும் முறை திரிந்தால் பாலையாகும் என்கிறது சிலப்பதிகாரம். முல்லையைத் தோண்டி எடுத்துக் குறிஞ்சியாகக் குவிக்கலாம் என்பது இளங்கோவுக்கும் தோன்றியிருக்காது. அந்த மேட்டில் ஏறி நிற்பவர் புணர்தலை நினைக்க வேண்டுமா, இருத்தலை நினைக்க வேண்டுமா என்பதைத் தமிழாசிரியர்கள்தான் தீர்த்துவைக்க வேண்டும்.

பாறை என்றதும் மெரினாவின் உழைப்பாளர் சிலையும் நினைவுக்கு வரும். தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது; 1959-ல் திறந்தார்கள், நெய்வேலியில் மண் வெட்டத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். அதில் நான்கு பேர் ஒரு பாறையைப் புரட்டுகிறார்கள். ஃபிரீட்ரிக் படத்தில் ஒருவர் பாறைமேல் நிற்கிறார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது. பார்த்தால் நின்றுகொண்டிருக்கும் மனிதர் மேல் லேசாக எரிச்சல் வரும், கோட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும்.

இரண்டாவது: "பனிக்கு அடியில் என்ன இருக்கிறது?"

இந்தக் கேள்வி எழுவதில் தவறில்லை. எழ வேண்டும் என்றுதான் ஓவியர் பனியைப் போட்டிருக்கிறார். கேள்வியோடு நிறுத்திவிட வேண்டும் என்பதே நிபந்தனை. எட்மண்ட் பர்க் என்பவர் 1757-ல் ஒரு நூல் எழுதி, பயத்தில் ஓர் இன்பம் இருக்கிறது, ஆபத்து நம்மை நெருங்காத தூரத்தில் இருக்கும்வரை அது கிடைக்கும் என்று விளக்கினார். புயல், பாதாளம், எரிமலை, எல்லை தெரியாத பனி என்று பின்னால் வந்தவர்கள் வரைந்து தள்ளியதற்கு அவர் போட்ட பாதையும் ஒரு காரணம். பாதாளத்தின் விளிம்பில் நின்று நடுங்க வேண்டும், ஆனால் விழக் கூடாது. படத்துக்கு முன் நாற்காலி போடச் சொன்னது இதற்காகவும்தான்.

நெய்வேலியில் அடியில் என்ன என்பது பலருக்கும் தெரிந்தது: தண்ணீர். நிலக்கரிப் படுகைக்குக் கீழே பெரிய நீர்த்தேக்கம் ஒன்று மேல்நோக்கி அழுத்திக்கொண்டிருக்கிறது. அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. மேலே உள்ள மண்ணை அகற்ற அகற்ற, தண்ணீருக்கு எதிராக இருந்த பாரம் குறையும். விட்டால் படுகையை உடைத்துக்கொண்டு மேலே வந்து சுரங்கத்தையே மூழ்கடித்துவிடும். அதனால் இரவு பகலாகப் பம்புகள் ஓட வேண்டும். தொடக்க காலத்தில், இங்கே சுரங்கம் வருமா வராதா என்ற சந்தேகத்துக்கே பெரிய காரணம் இந்தத் தண்ணீர்தான். பர்க் சொன்ன பயம் முழுக்கவும் இருக்கிறது, ஆனால் அதை ஒருவர் மோட்டார் ரூமில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். அவர் தூங்கினால் பாதாளம் மேலே வரும். ஆழத்தைப் பார்த்துச் சிலிர்க்கும் உரிமை கோட்டுப்போட்டவருக்கு, பதிவேட்டில் ரீடிங் எழுதும் வேலை இவருக்கு.

இங்கே ஓர் இடைச்செருகல். ஃபிரீட்ரிக் 1798-லிருந்து சாகும்வரை வாழ்ந்த டிரெஸ்டனுக்கு வடகிழக்கே லவுசிட்ஸ் என்றொரு சீமை. அதுவும் பழுப்பு நிலக்கரிச் சீமை. நம் பக்கெட் வீல்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவை. அந்த நாட்டில் இந்த மெஷின்கள் இன்றும் வெட்டிக்கொண்டிருக்கின்றன. வெட்டி முடித்த பள்ளங்களில் தண்ணீரை நிரப்பி ஏரிகளாக்கி, படகு விட்டு, சுற்றுலாப் பயணிகளை வரவேற்கிறார்கள். ஃபிரீட்ரிக்கின் பயணி இன்று ஊரை விட்டுக் கிளம்பி அந்தப் பக்கம் நடந்தால், மாலை வெயிலில் மின்னும் ஓர் ஏரிக்கரையில் நின்று முதுகைக் காட்டுவார். ஏரிக்கு வயது அவருடைய கோட்டைவிடக் குறைவு. ஆக, இந்தப் படம் நமக்கு அன்னியம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மண்வாகில் சம்பந்தி முறை.

மூன்றாவது கேள்வி: "இங்கே இருந்தவர்கள் எங்கே போனார்கள்?"

இதைக் கட்டாயம் தவிர்க்கவும். இயற்கைக்காட்சி ஓவியத்தின் அஸ்திவாரமே, காட்சியில் சொந்தக்காரர் யாரும் இல்லாமல் இருப்பதுதான். ஆள் இருந்தால் வண்டியோட்டியாக, மேய்ப்பனாக, சிறு உருவமாக இருக்கலாம். பட்டா கையில் வைத்திருக்கக் கூடாது. லண்டன் நேஷனல் கேலரியில் ஜான் கான்ஸ்டபிளின் 'வைக்கோல் வண்டி' இருக்கிறது, 1821-ல் வரைந்தது. ஆழமில்லாத ஆற்றில் வண்டி நிற்கிறது, கரையில் வீடு, ஒரு நாய், தூரத்தில் அறுவடை. பார்த்தால் மனம் குளிரும். அது சஃபோக் சீமை. நெப்போலியன் போர் முடிந்து விலை விழுந்து, கூலி கிடைக்காத பண்ணையாட்கள் 1816-லும் 1822-லும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் கலகம் செய்தார்கள், கதிரடிக்கும் இயந்திரங்களை உடைத்தார்கள். படத்தில் அந்தக் கலகத்தின் சாயல்கூட இல்லை. கான்ஸ்டபிள் அதை லண்டன் ஸ்டுடியோவில் வரைந்தார். எனக்கு அந்தப் படம் பிடிக்கும். அந்த அமைதியை அவர் எவ்வளவு கஷ்டப்பட்டுக் கட்டியிருக்கிறார் என்று தெரிந்த பிறகு இன்னும் அதிகமாகப் பிடிக்கிறது. ஆனால் இந்தக் கையேட்டின் விதிப்படி அது தவறான காரணம்.

நெய்வேலிக்காரர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருப்பது மிகமிகக் கஷ்டம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் கிணறு தோண்டியபோது கரிய பொருள் ஒன்று வெளிவந்ததிலிருந்து கதை தொடங்குகிறது; அவர் 600 ஏக்கருக்கு மேல் நிலம் கொடுத்தார், ஊரில் அவருக்குச் சிலை இருக்கிறது. சிலை இல்லாதவர்கள் நிறையப் பேர். சுரங்கம் நகர நகரக் கிராமங்களும் நகர்ந்தன. வீட்டை விட்டார்கள், கோயிலை விட்டார்கள், முந்திரித் தோப்பை விட்டார்கள். இழப்பீடு, வேலை, மாற்றுமனை என்ற மூன்று சொற்களும் இந்தப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே காதில் விழும். 2023 ஜூலையில் வளையமாதேவியில் பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்ட, நின்ற நெற்பயிருக்குள் இயந்திரங்கள் இறங்கின. முன்பே கையகப்படுத்திய நிலம் என்றது சுரங்க நிறுவனம். அறுவடை வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்றார்கள் விவசாயிகள். வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. பச்சை வயலுக்கு நடுவே மஞ்சள் நிற மெஷின் நிற்கும் அந்தப் புகைப்படங்கள், அமைப்பு என்று பார்த்தால், கான்ஸ்டபிள் பொறாமைப்படும் அமைப்பு. முன்னால் பயிர், நடுவில் வாகனம், பின்னால் வானம். அவர் விட்டுவிட்டது எதுவோ அது மட்டும் இதில் இருக்கிறது.

லவுசிட்ஸிலும் நிலக்கரிக்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்களை அகற்றினார்கள் என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன். ஏரியில் படகு விடும்போது சொல்வதில்லை.

நெருப்பு இருக்கும் படங்களுக்குச் சிறப்புக் குறிப்பு

பனி அலுத்துவிட்டால் நெருப்புக்கு மாறலாம். பிலிப் ஜேம்ஸ் டி லூதர்பூர்க் 1801-ல் வரைந்த 'இரவில் கோல்புரூக்டேல்' என்ற படத்தை நெய்வேலியில் ஒவ்வொரு வீட்டிலும் மாட்டலாம் என்பது என் தனிப்பட்ட சிபாரிசு. இங்கிலாந்தில் இரும்பு உருக்கும் ஊர் அது. 1709-ல் ஆபிரகாம் டார்பி கோக் கரியால் இரும்பு உருக்கிய இடம். படத்தில் இரவு. உலைகளிலிருந்து ஆரஞ்சும் மஞ்சளுமாக வெளிச்சம் வானத்தை நக்குகிறது, புகை புரள்கிறது, நிலா ஓர் ஓரத்தில் ஒதுங்கி நிற்கிறது. கீழே குதிரை வண்டியும் சில ஆட்களும். லூதர்பூர்க் லண்டன் நாடக மேடைகளுக்குக் காட்சித் திரை வரைந்தவர், விளக்கும் இயந்திரமும் வைத்துப் புயலையும் சூரிய உதயத்தையும் மேடையில் காட்டியவர். ஆகவே தொழிற்சாலையைப் பார்த்தவுடன் அவருக்கு அது செட்டாகத் தெரிந்திருக்கிறது.

இந்தப் படத்தை எங்கிருந்து பார்க்க வேண்டும் என்பது முக்கியம். அனல்மின் நிலையத்தின் விளக்குகளை மந்தாரக்குப்பம் சாலையில் பஸ் ஜன்னலிலிருந்து இரவில் பார்த்தவர்களுக்கு அந்தத் தூரம் கைவந்தது. சோவியத் உதவியோடு கட்டி 1962-ல் மின்சாரம் கொடுக்கத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020-ல் ஓய்வுபெற்றுவிட்டது; மற்றவை எரிகின்றன. தூரத்தில் அழகு. பர்க் தூரத்தை அளந்து சொல்லவில்லை. அவர் சொன்ன பாதுகாப்பான தூரத்துக்கு உள்ளேதான் ஷிப்ட் நடக்கிறது. 2020 ஜூலை 1-ஆம் தேதி காலை இரண்டாம் அனல்மின் நிலையத்தில் பாய்லர் வெடித்துத் தொழிலாளர்கள் பலர் உயிரிழந்தார்கள். அதற்கு முன் மே மாதமும் அங்கே ஒரு பாய்லர் விபத்து. அந்த வருடம் ஊரில் யாரும் வெளிச்சத்தைக் காட்சியாகப் பார்க்கவில்லை. லூதர்பூர்க் படத்தில் உலைக்கு அருகே இருப்பவர்களை உருப்பெருக்கி வைத்துப் பாருங்கள். முகம் இல்லை. முதுகும் இல்லை. நிறம்தான் இருக்கிறது.

பிள்ளைகளுக்கு ஆங்கில ஓவியர் டர்னரைக் கொடுக்கலாம். 1844-ல் அவர் வரைந்த 'மழை, நீராவி, வேகம்' படத்தில் ரயில் மழைக்குள்ளிருந்து வருகிறது. அதற்கு முன்னால் தண்டவாளத்தில் ஒரு முயல் ஓடுகிறது. நிறம் மங்கித் தேடினால்தான் தெரியும். பிள்ளை முயலைத் தேடும் நேரத்தில் நீங்கள் டீ குடித்துவிடலாம்.

விருந்தினர் முன்னிலையில்

படம் மாட்டிய வீட்டுக்கு ஆட்கள் வருவார்கள். சீர்காழியிலிருந்து வரும் மாமனார் ஃபிரீட்ரிக்கைப் பார்த்ததும், "இது ஊட்டியா மாப்ளே?" என்பார். இல்லை என்று சொல்லாதீர்கள். "அந்த மாதிரிதான் மாமா" என்றால் சாப்பாடு ஆறாமல் நடக்கும். கலைக்கல்லூரியில் படிக்கும் மச்சினிச்சி வந்தால் 'தனிமனிதனின் அகவெளி' என்று ஒரு தடவை சொல்லவும், இரண்டாவது தடவை வேண்டாம். அவளுக்கு அது எந்தப் பாடநூலில் இருக்கிறது என்று தெரியும்.

அதிகம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டியது பக்கத்து பிளாக்கில் இருக்கும், சுரங்கத்தில் முப்பது வருடம் மெஷின் ஓட்டியவரிடம். அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, படத்தை நெருங்கிப் பார்ப்பார். "என்னா சார் இது, எட்ஜ்ல நிக்கிறாரு. ஹெல்மெட் இல்ல, ஷூ சரியில்ல, கூட ஒரு ஆள் இல்ல. கீழ விசிபிலிட்டி சுத்தமா இல்ல. இந்த நேரத்துல அங்க யாரு அவர விட்டது?" பயணி ஒரு தத்துவ நிலையில் இருக்கிறார் என்று விளக்கலாம். "நிலை எல்லாம் சரி. ஸ்லோப் நிக்குமா?" என்று கேட்பார். நான் படித்த ஃபிரீட்ரிக் விமர்சனங்கள் எதிலும் அந்தப் பாறையின் சரிவு தாங்குமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்ட பிறகு படத்தைப் பார்த்தால், பயணியின் முன்னால் போன கால் வேறு மாதிரித் தெரிகிறது. நடுக்கம் என்று பர்க் எதைச் சொன்னாரோ அது எனக்கு முதன்முதலில் உண்மையாக வந்தது அங்கேதான்.

அவரிடம் ஃபிரீட்ரிக்கின் பட்ட மரங்களைக் காட்ட வேண்டாம். முறிந்த ஓக் மரங்களும் இடிந்த மடாலயமும் பனிக்கால வெளிச்சமுமாக அவர் நிறைய வரைந்திருக்கிறார். 2011 டிசம்பர் 30 விடிகாலையில் 'தானே' புயல் கரையேறியபோது டவுன்ஷிப்பின் மரங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் போயின. மறுநாள் காலை ஊர் முழுக்க ஃபிரீட்ரிக் படமாகக் கிடந்தது. ரசிக்க யாருக்கும் மனம் வரவில்லை. கையில் அரிவாளோடு வழி வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

மாட்டும் இடம்

கிழக்குச் சுவர் வேண்டாம், சாமிப் படம் இருக்கும். டிவிக்கு மேலே வேண்டாம், சீரியல் ஓடும்போது பயணி அதைப் பார்ப்பதாக ஆகிவிடும். கரித்தூள் படியும் ஊர் என்பதால் கண்ணாடி போட்டு மாட்டவும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் பனி பனியாகவே இருக்கும். இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் லூதர்பூர்க் ஆகிவிடும்.

குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வீடு உங்களுடையது அல்ல. ஓய்வுபெற்ற பிறகு காலி செய்துகொண்டு வடக்குத்துக்கோ இந்திரா நகருக்கோ பாண்டிச்சேரிக்கோ போயாக வேண்டும். நீங்கள் வளர்த்த மாமரம் அடுத்தவருக்குக் காய்க்கும். படத்தைக் கழற்றி, சட்டத்திலிருந்து எடுத்து, சுருட்டிக் குழாயில் போட்டுக்கொள்ளலாம். பயணிக்கு அது பழக்கம்தான். ஆணித் துளைகளை அடைத்து வெள்ளையடித்துவிட்டுச் சாவியைக் கொடுக்கவும். நோ டியூஸ் வாங்குகிற கவுன்ட்டரில் முதுகைக் காட்டி நின்றால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.